யாருக்குச் சொன்ன ஓம்?

தில்லையில் ஆடும் பெருமானே, தடுமாறும் என் நாவிலும் நின்றருள்வாய்.

அன்று மார்கழித் திருவாதிரை. காலில் இருந்த புண்ணால் லூயிஷாம் கோயிலுக்குப் போக இயலவில்லை. புலம்பெயர்ந்து வாழும் கோலியர்ஸ் வுட் வீட்டிலேயே ஒரு பதிகத்தை இடையறாது பாடி முடிக்க விரும்பினேன். அந்நேரம் புண்ணுக்குக் கட்டுப்போடும் தாதி வந்தார். பிலிப்பைன்ஸ் நாட்டவர், உருண்டை முகம், நரையோடிய குட்டை முடி. யாழ்ப்பாணத்தார் வீடுகளுக்குப் போய்வந்தே எங்கள் பேச்சைக் கற்றவர். தம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய பழைய சிரிப்புப் படமொன்றைக் கைபேசியில் ஓடவிட்டபடியே வேலை செய்வார். பகிடி வருமுன்பே சிரித்துவிடுவார்.

"ஐயா, படம் போடட்டோ?"

நான் கண்மூடி, "ஓம் நமசிவாய" என்று தொடங்கினேன். எங்கள் பேச்சில் 'ஓம்' என்றால் சம்மதம். படம் ஓடியது. இரண்டாம் பாட்டில் அவர் சிரிப்பு வெடிக்க, எனக்கு அடி மறந்துபோயிற்று. எரிச்சல் தாங்கவில்லை.

"பிள்ளை, நான் சொன்ன ஓம் உமக்கில்லை!"

"வேற ஆருக்கு?"

"சிவனுக்கு!"

"அவரும் பாக்கட்டும், ஐயா."

"பாத்த படத்தையே எத்தினை தரம்? வீட்டில போய்த் தனியப் பாருமன்!"

"தனியச் சிரிக்க ஏலாது, ஐயா. என்னோட பள்ளிக்கூடத்தில இதைப் பாத்தவை ஒருத்தரும் இஞ்ச இல்லை."

பதிகம் அன்று முடியவேயில்லை. அந்தப் பகிடிகளில் ஒன்றுகூட இன்றுவரை எனக்கு விளங்கவுமில்லை. மறுமுறை வந்து அவர் அதே கேள்வியைக் கேட்டபோது, சினம் ஆறாமலே "ஓம்" என்றேன். அது யாருக்குச் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை.

இதை வாசிப்போர் அனைவருக்கும், உடனிருந்து சிரிக்க ஒருவரை இறைவன் அருள்க.