நாலாவது ராடில் இருந்த தோல்

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. என்னோடு சேர்ந்து அதைப் பார்த்தவர் ஜமுனாமரத்தூர் அருணகிரி. அவரைக் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றிவிடுவார். அது நடந்த தன் கொட்டகையை அவர் பிரித்துப் போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன.

நான் வாணியம்பாடி கலீலுல்லா. பர்மா சண்டையில் பட்டாளத்து லாரிகளைப் பிரித்துப் பூட்டியவன். 1964 மார்கழியில், சேட்டு என்ற மெக்கானிக்கிடம் வாங்கிய பழைய டீசல் லாரியில் மலைக்குச் சாமை ஏற்றப் போனேன். அந்த லாரிக்கு ஒரு கதை இருந்தது. முந்தின வருஷம் மலை ஏறும்போது இன்ஜின் இறுகி நின்று, வண்டி பின்னால் உருண்டு, டிரைவர் ராஜாக்கண்ணு நசுங்கிச் செத்தான். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் சேட்டு தன் ஒர்க்‌ஷாப்பில் அந்த இன்ஜினைப் புதுசு பண்ணிக் கொடுத்திருந்தான். "குடிச்சுட்டு, ஆயில் பாக்காம ஓட்டினான்" என்று போலீசில் சொன்னதும் அவனேதான். பழி செத்தவன் மேல் விழுந்தது. உடைந்த வண்டியைச் சேட்டே வாங்கிச் சரிபண்ணி எனக்கு விற்றான்.

ஜமுனாமரத்தூர் வரும்போதே இன்ஜினில் சத்தம். டொக்... டொக்... டொக்...

அருணகிரியின் கொட்டகையில் வண்டியை நிறுத்தினேன். பஸ் கண்டக்டர் மூலம் சேட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் உடனே வந்தது. "நீ தொடாத பாய். கயிறு கட்டி இழுத்தாந்து என் ஷாப்புல விடு."

அந்த வளைவுகளில் கயிறு கட்டி இறக்குவதா? நானே பிரிப்பதென்று முடிவு பண்ணினேன்.

பேட்டரியை இறக்கினேன். டீசல் பைப்பைக் கழற்றினேன். இன்ஜின் ஹெட்டைத் தூக்கி வெளியே வைத்தேன். மேலிருந்து பார்த்தால் ஆறு பிஸ்டனும் தெரிந்தன. அடியில் ஆயில் தொட்டியில் கை வைக்கும் முன்பே இருட்டிவிட்டது.

காலையில் வந்து பார்த்தேன். ஆயில் தொட்டி தரையில் இருந்தது. கழற்றிய போல்ட்டுகள் சாக்கின் மேல் ஒரே வரிசையாக...

"அருணகிரி, நீங்க கழட்டினீங்களா?"

"நான் இன்னாத்துக்குத் தொடப்போறேன் பாய்? எனக்கு ஸ்பானர் புடிக்கவே தெரியாது."

கீழே படுத்துப் பார்த்தேன். நாலாவது பிஸ்டனைத் தாங்கும் ராடின் நட்டுகள் மட்டும் கையால் சுற்றினாலே வந்தன. மூடியைத் திறந்தேன். உள்ளே பேரிங் இல்லை. பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தோல் பட்டை. ஆயிலில் ஊறிக் கறுத்து, தேய்ந்து, பாதி எரிந்து கிடந்தது. தோல் மண்டி வேலைக்காரரின் மகன் நான். எருமைத் தோல் எனக்குத் தெரியாதா?

தோலை வைத்து மூடினால் சத்தம் அடங்கும். கொஞ்ச நாள் ஓடும். மலை ஏறும்போது தீய்ந்து, இன்ஜின் இறுகும்.

போன வருஷமும் சேட்டு இதையேதான் வைத்திருக்கிறான். ராஜாக்கண்ணு ஆயில் பார்க்காமல் சாகவில்லை.

"தோலை எடுத்துட்டேன். புது பேரிங் கொண்டா. இல்லாட்டி இதை போலீசுக்குக் கொண்டு போறேன்." மறுபடி கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். தோலை டூல் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸில் சேட்டு வந்தான். கொட்டகைக்குள் பனி புகுந்திருந்தது. பெட்டியைத் திறந்தேன்.

தோல் இல்லை.

டார்ச் அடித்து அடியில் பார்த்தேன். நாலாவது ராடில் மூடி பூட்டியிருந்தது. நட்டு இறுக்கியிருந்தது. ஓரத்தில் தோலின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது...

சேட்டு சிரித்தான். "நீயே வச்சுப் பூட்டிட்டு என்னைச் சொல்றியா பாய்? நவுரு. நான் எடுக்கறேன்."

ஸ்பானரோடு அடியில் நுழைந்தான். மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. நானும் அருணகிரியும் பானெட் பக்கம் நின்றோம்.

டொக்...

அருணகிரி என் கையைப் பிடித்தார்.

டொக்... டொக்...

நாலாவது பிஸ்டன் மெதுவாக மேலே ஏறியது.

பேட்டரி இல்லை. டீசல் இல்லை. இன்ஜினைச் சுற்றும் ஹேண்டிலை யாரும் தொடவில்லை.

அது ஏறியது.

"ஐயோ!"

அடியிலிருந்து சேட்டுவின் குரல். அவன் காலைப் பிடித்து இழுத்தோம். வரவில்லை. உள்ளிருந்து யாரோ எதிர்ப்பக்கம் இழுத்தார்கள்...

"உட்டுடுடா! நான்தான் வச்சேன்! பேரிங் போடாம தோலை வச்சது நான்தான்! உட்டுடுடா ராஜாக்கண்ணு!"

கத்தல் கேட்டுச் சந்தைக்கடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். எல்லார் காதிலும் விழுந்தது.

பிஸ்டன் நின்றது.

சேட்டு வெளியே வந்தான். வலது கையில் மூன்று விரல் இல்லை.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்ஜின்ல மாட்டினதுன்னு சொல்றீங்களே? இரும்பு நசுக்கினா இப்படி இருக்காது. இது கடி. மனுஷக் கடி."

நான் மலைக்குத் திரும்பினேன். வேறு ஊரிலிருந்து பேரிங் வரவழைத்து, இன்ஜினை நானே பூட்டினேன். முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. சத்தம் இல்லை.

பிறகு நெல்லிவாசல்நாட்டுக்கு நடந்தேன். ராஜாக்கண்ணுவின் மனைவி ரஞ்சிதம் அங்கே இருந்தாள். அவள் புருஷன் மேல் குற்றமில்லை என்பதை நேரில் சொல்ல நினைத்தேன். எல்லாம் கேட்டாள். அழவில்லை.

"சேட்டு இப்போ எங்கிறான்?"

"ஆஸ்பத்திரியில இருக்கான்மா. பொழைச்சுட்டான்."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இல்லீங்களே. நேத்து வெளக்கு வைக்கற நேரத்துல வூட்டுக்காரர் வந்தாரே. வாசல்லயே நின்னாரு. வாயெல்லாம் ரத்தம். 'முடிச்சுட்டேன் ரஞ்சிதம்'னாரு... போய்ட்டாரு."

மலை இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். சேட்டுவின் கட்டில் காலி.

முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் செத்திருந்தான். அறை உள்ளே தாழ்ப்பாள் போட்டபடியே இருந்ததாம். கதவை உடைத்துத்தான் போனார்களாம்.

"கை ஆறிட்டுதான் வந்துச்சு" என்றார் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கழுத்துல..."