கையைத் தூக்கினார், நிறுத்திவிட்டேன்

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் கிரேன் ஓட்டும் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஷெட் பூட்டிக் கிடந்தது. அங்கே சினிமா எடுக்கிறார்கள், கிரேனுக்கு ஆள் வேண்டும் என்று எங்கள் சூப்பர்வைசர் என்னைக் கூட்டிப்போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போனால், பர்மா படமாம்! மொத்தமே எட்டுப் பேர். டைரக்டரும் ஹீரோவும் ஒருவரே, ஐம்பது வயதிருக்கும். மொழிபெயர்க்க வந்தவர் வியாசர்பாடியில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் பர்மா தமிழர். டீ குடிக்கும்போது அவர்தான் டைரக்டரின் கதையைச் சொன்னார். அரிசி மில்லில் மூட்டை தூக்கியவராம். நாடகத்தில் கூட்டத்தோடு நின்று, பிறகு இருபது வருஷம் ஹீரோ, அப்புறம் டைரக்டர். பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபோது ஜனங்களோடு தெருவில் இறங்கியிருக்கிறார். பிடிக்க வந்ததும் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கும் முதல் படம் இதுதான். அப்பேர்ப்பட்ட நடிகர் எனக்கு எதிரே பேப்பர் கப்பில் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

காட்சி இதுதான். மூடிப்போன மில்லின் கடைசி மோட்டாரைக் கிரேனில் தூக்கிப் போகிறார்கள். தொழிலாளியாக அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். கிரேன் நிற்காமல் போக வேண்டும். கூரை ஓட்டை வழியாக விழும் சாயங்கால வெயில் பத்து நிமிஷம்தான் இருக்கும். ஷெட்டும் அன்று ஒரு நாளைக்குத்தான். விட்டால் அந்தக் காட்சியே கிடையாது. மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம்.

கேமரா ஓடியது. மோட்டார் எழும்பியது. கிரேனிலிருந்து தொங்கும் பட்டன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் கூடவே நடந்தேன். திடீரென்று அவர் ஒத்திகையில் இல்லாததைச் செய்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். அவ்வளவுதான், என் கட்டைவிரல் சிவப்பு பட்டனை அழுத்திவிட்டது. மோட்டார் அந்தரத்தில் ஆடிக்கொண்டு நின்றது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இன்னாய்யா பண்ணிட்ட? வெயிலு போய்க்கினே கீது."

ஊரையே விட்டு வந்த மனுஷனின் படத்தைக் கெடுத்துவிட்டேனே என்று கூனிக் குறுகிப்போனேன். டைரக்டர் கிட்டே வந்து, ஏன் நிறுத்தினாய் என்று கடைக்காரரைக் கேட்கச் சொன்னார்.

"கையத் தூக்கினா நிறுத்தணும் சார். யாரு தூக்கினாலும் நிறுத்திட்டுதான், இன்னான்னு கேப்போம்."

அத்தோ கடைக்காரர் அதைச் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. மெதுவாக ஏதோ சொன்னார். கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"அவங்க ஊர்ல எல்லாரும் கையத் தூக்கினாங்களாம்பா. பட்டாளத்துல ஒருத்தனும் நிறுத்தலையாம்."

அடுத்த நிமிஷம் என்னை இழுத்துக் கேமரா முன்னால் நிறுத்தினார். காட்சியையே மாற்றிவிட்டார்! அவர் கையைத் தூக்க, நான் கிரேனை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்க வேண்டும். வெயில் மறைவதற்குள் ஒரே டேக். முடிந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் உடம்பில் பூசியிருந்த கிரீஸ் முழுக்க என் கல்யாணச் சட்டையில் வந்துவிட்டது.

அந்தப் படம் எங்கே ஓடியதோ தெரியாது. ஆனால் வேலையில் யாராவது கையைத் தூக்கி நான் அந்தச் சிவப்பு பட்டனை அழுத்தும்போதெல்லாம், கையைத் தூக்கினால் நிறுத்துகிற இடத்தில் இருக்கிறோமே என்று மனசு ஒரு கணம் நின்றுதான் போகிறது.