கைறுன்னிஸா ராத்தா தேடின கப்பல்

கப்பல் விக்கிறது என்ட தொழில் இல்ல. எங்கட ட்ரவல்ஸில மக்காவுக்குப் போற உம்றாக் குழு, மலேசியாச் சுற்றுலா, கட்டாருக்குப் போற பொடியன்மாருக்கு டிக்கெட், இவ்வளவுந்தான். என்னைக் கட்டின மாப்பிள்ளை நளீர் குழுவைக் கூட்டிக்கொண்டு போவார். நான் காத்தான்குடிக் கடைக்குள்ள ஃபேனுக்குக் கீழ இருந்து ஆக்களோட மல்லுக்கட்டுவன். எனக்குக் கோவம் மூக்கு நுனியில, அது ஊருக்கே தெரியும். எண்டாலும் பொம்புளைகள் என்னட்டத்தான் வருவாங்க. ஆம்புளைகளிட்டக் கேக்க வெக்கப்படுற கேள்விகள் அவங்களிட்ட நிறைய இரிக்கி.

அப்படி வந்தவதான் கைறுன்னிஸா ராத்தா. எங்கட ஒழுங்கைக்காரி. சொந்தமில்ல, ஆனா சின்ன வயசிலிருந்தே அவவை அக்கா முறையில ராத்தா எண்டும், அவட மாப்பிள்ளை ஆதம்லெவ்வையை மச்சான் எண்டும்தான் கூப்பிடுவன். மச்சான் துணி வியாபாரி. சாரம், சீத்தை, பிடவை எல்லாத்தையும் மூட்டையாக் கட்டிக்கொண்டு வாவிக்கு அங்கால வவுணதீவு, மண்டூர்ப் பக்கம் போய் வித்துட்டு வருவார். மூட்டை கட்டிக் குடுக்கிறது ராத்தா. மச்சான் வாய் திறந்து கதைச்சதை ஆரும் கண்டதில்ல. துணியை விரிச்சுக் காட்டுவார், அவ்வளவுதான். அதுக்கே சனம் வாங்கும்.

எங்கட ஊரில வீடு பொம்புளைப் புள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொண்ணு வீட்டுக்கு வரணும். ராத்தாட வீடு மூத்த மகள் நிஸ்றாவுக்குப் போச்சு. கலியாணத்தண்டே பெரிய அறை புதுச் சோடிக்கு. ராத்தா மத்த ரெண்டு மகள்மாரோட சின்ன அறைக்குள்ள, மச்சான் விறாந்தையில ஒரு கட்டிலைப் போட்டு. மறுகா ரெண்டாவது மகளுக்கு ஒரு வீடு, மூணாவதுக்கு ஒரு வீடு. ஒவ்வொரு கலியாணத்துக்கும் இவங்க ரெண்டு பேரும் ஒரு வீட்டால எழும்பி அடுத்த வீட்டுக்குப் போனாங்க. இப்ப கடைசி மகளோட ஆத்தங்கரையில இரிக்காங்க. வாவியை நாங்க ஆறு எண்டுதான் சொல்லுவம். அங்கேயும் அதே கதைதான். ராத்தா பேரப்புள்ளைகளோட உள்ளுக்கு, மச்சான் விறாந்தையில ஆத்தைப் பார்த்துக்கொண்டு. இதை ஆரும் ஒரு குறையாச் சொல்லமாட்டாங்க, ஊர் முழுக்க இப்படித்தான்.

ஒரு நாள் நிஸ்றாட மாப்பிள்ளை ஸாஜித் கட்டாரிலிருந்து எனக்கு ஃபோன் எடுத்தார். "மாமாவும் மாமியும் வாழ்நாள் முழுக்க எங்களுக்காகவே கிடந்து பாடுபட்டாங்க. நாங்க மூணு மருமகன்மாரும் சேந்து அவங்களைக் கப்பலில சுற்றுலா அனுப்பப் போறம். அவங்களுக்கு ஏத்த ஒண்டைப் பார்த்துக் குடுங்க. பல்கனி இரிக்கிற அறையா எடுங்க, கடலைப் பார்த்துக்கொண்டு இரிக்கட்டும்" எண்டார். எனக்குக் கண் கலங்கிட்டு. என்ட மருமகன் இப்படிச் சொல்லுவானா எண்டு ஒரு நிமிசம் யோசிச்சன். எனக்கு இன்னும் மருமகனே வரல்ல, அது வேற கதை.

பின்னேரம் அஸர் தொழுதுட்டு ராத்தா வந்தா. அந்த நேரம் கடையில சனம் குறைவு. றோட்டு நடுவில நிக்கிற பேரீச்சை மரத்திட நிழல் கண்ணாடிக் கதவால உள்ளுக்கு வந்து நிலத்தில ஆடிக்கொண்டிருக்கும். முதலாவது கப்பலைக் காட்டினன். சிங்கப்பூரில ஏறினா பினாங்கு, லங்காவி, புக்கெட் எண்டு நாளுக்கொரு துறைமுகம். கடை, நீச்சல் குளம், தண்ணிச் சறுக்கு, எல்லாம் இரிக்கி.

"இதில ஒவ்வொரு நாளும் இறங்கணுமா புள்ள?"

"இறங்கத்தானே ராத்தா கப்பலே போகுது!"

"இறங்காட்டி ஏசுவாங்களா?"

நான் சிரிச்சிட்டன். அவ சிரிக்கல்ல. கன்னத்தில கையை வெச்சிக்கொண்டு கணினியில ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. அது கடலும் இல்ல, நீச்சல் குளமும் இல்ல. ஒரு அறைப் படம். பார்த்துப் பார்த்து அவட கண்ணு எங்கேயோ போயிட்டு. கூப்பிட்டாலும் காதில விழல்ல. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லத்தான் திடுக்கிட்டு எழும்பினா.

அடுத்த முறை ஒரு சின்னக் கப்பல் காட்டினன். வயசான ஆக்கள் விரும்புறது, சத்தம் சந்தடி இல்ல. அதுக்கும் ஒரு நொட்டை. வாந்தி வருமா எண்டா. நடுவில, கொஞ்சம் கீழ் மாடியில அறை எடுத்தா ஆட்டம் தெரியாது எண்டன். சாப்பாடு ஹலாலா எண்டா. ஓம், தனியாக் கேட்டு எடுக்கலாம் எண்டன். கப்பல் திரும்பித் திரும்பிப் போனா தொழுறதுக்குக் கிப்லா எந்தப் பக்கம் எண்டா. "ராத்தா, நீங்க கப்பலில இரிக்கிறது அல்லாஹ்வுக்குத் தெரியும்" எண்டு கத்திட்டன். மூணாவது கப்பலையும் பார்த்துட்டு, புக்கெட்டில கனக்க நேரம் நிக்கிதே எண்டா பாருங்க, எனக்கு வந்திச்சே ஒரு கோவம்!

"ராத்தா, உங்களுக்கு ஏத்தது ஆத்துக்குள்ள கிடக்கிற தோணிதான். போய் அதில ஏறுங்க!"

"தோணி சரிவராதே புள்ள, அதில அறை இல்லையே" எண்டா, அவ்வளவு மெதுவா.

எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து குடுத்தன். ராத்தா அதைக் குடிக்காம, கோப்பையைக் கையில வெச்சிக்கொண்டு ஒரு கனவைச் சொன்னா.

"கப்பல் ஒண்டு ஆத்துக்குள்ள வந்து எங்கட வீட்டடியில நிக்கிது. வெள்ளை வெளேரெண்டு. ஒரு சத்தம் இல்ல. கல்லடிப் பாலத்துக்குக் கீழால எப்படித்தான் வந்திச்சோ. இறால் பிடிக்கிற ஆக்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு வழி விடுறாங்க. நான் சட்டி கழுவின கையோட ஏறிட்டன். உள்ளுக்கு ஒரே ஒரு அறைதான். நான் படுத்திரிக்கன், ஜன்னலால தண்ணி போகுது. மறுகா அக்கரையில படுவான்கரை போகுது, தென்னையெல்லாம் போகுது, வயல் வட்டைக்குள்ள தண்ணி குடிக்கிற மாடு குடிச்சிக்கொண்டே போகுது. நான் மட்டும் அசையல்ல. அவ்வளவு சுகம் புள்ள."

"மச்சான் எங்க?"

"அவர் ஏறல்ல. விறாந்தையில இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட எனக்கு வாய் வரல்ல. கப்பல் போயிட்டு."

கோப்பையில தேத்தண்ணி ஆறி ஆடை பிடிச்சிட்டு. ராத்தா அதை அப்படியே மேசையில வெச்சா. "எங்கயும் நிக்காம, கடலிலயே போய்க்கொண்டிரிக்கிற கப்பல் இரிக்கா? அறையில பல்கனி வேணாம். ஒரு ஜன்னல் இருந்தாக் காணும்" எண்டா.

"ஊரில உலகத்தில ஆக்கள் பல்கனி கேட்டு உயிரை எடுக்கிறாங்க. உங்கட மருமகனே குடுக்கன் எண்டு நிக்கார். உங்களுக்கு என்னத்துக்கு வேணாம்?"

"பல்கனி இருந்தா அவர் அங்க போய்ப் படுத்துருவார், புள்ள."

எனக்குச் சிரிப்பு வந்திட்டு. வயித்தைப் பிடிச்சிக்கொண்டு சிரிச்சன். நிமிந்து பார்த்தா, ராத்தாட கண்ணு நிறைஞ்சி கிடக்கு. யா அல்லாஹ், என்ட சிரிப்பை விழுங்க நான் பட்ட பாடு.

"ஒரே வீட்டிலதான் இரிக்கம். சோறு போட்டுக் குடுக்கன், தேத்தண்ணி குடுக்கன். பகலில என்ன கதைக்கிற? அரிசி முடிஞ்சிட்டு, கரண்ட் பில் வந்திட்டு, சின்னவனுக்குக் காய்ச்சல். மருமகன் இரிப்பார், புள்ளைகள் இரிக்கும். பக்கத்தில படுத்துக்கொண்டு ஒண்டுமில்லாததைக் கதைப்பமே, அந்தக் கதை நிஸ்றாட கலியாணத்தோட நிண்டு போச்சு. உங்கட குழுவோட மக்காவுக்குப் போனம், அங்கயும் நீ என்னை அஞ்சு பொம்புளைகளோடதானே போட்டாய். அவர் வேற மாடி" எண்டா. பொறவு கண்ணைத் துடைச்சிட்டு, "எனக்கு அவரோட ஒரு அறையில இரிக்க ஆசையா இரிக்கி. ஆனா அவருக்கும் அந்த ஆசை இரிக்கோ இல்லையோ, தெரியா. விறாந்தை பழகிட்டுப் போல. அம்பத்தாறு வயசில இதை நான் எந்த வாயால கேக்கிற?"

ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கிட்டுத்தான் போனா.

அண்டைக்கு நான் கடையைப் பூட்டிட்டு நேரா வீட்டுக்குப் போகல்ல. ஆத்தங்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்தன். படுவான்கரைப் பக்கம் வானம் சிவந்து, தண்ணி எண்ணெய் ஊத்தின மாதிரி அசையாமக் கிடந்திச்சு. மூணு புள்ளைக்கு வீடு குடுத்தவ. அவவுக்கு ஒரு அறை வேணும் எண்டு இந்த ஊரில ஒருத்தருக்கும் தோணல்ல, எனக்கும் தோணல்ல. எரிச்சல் எரிச்சலா வந்திச்சு. அந்த எரிச்சலுக்குள்ளயே எனக்கும் ஒரு வெள்ளைக் கப்பல் தெரிஞ்சிச்சு. தூரத்துத் தோணி விளக்கு ஒண்டு அங்கயும் இங்கயும் போக, அது கப்பலிட ஜன்னல் எண்டு நினைச்சிக்கொண்டு கனக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தன். நளீர் ஃபோன் எடுத்து, சோறு எங்க எண்டு கேக்கத்தான் எழும்பினன்.

பொறவு விடுவனா? தேடித் தேடி ஒரு கப்பலைப் பிடிச்சன். சிங்கப்பூரில ஏறினா நாலு ராத்திரி. ஒரே ஒரு துறைமுகம், அதிலயும் இறங்காட்டி ஒருத்தரும் ஏசமாட்டாங்க. மத்த நாளெல்லாம் வெறும் கடல். பெரிய ஜன்னல் வெச்ச அறை, நடு மாடி. ராத்தா அந்தப் படத்தைப் பார்க்கிறதுக்கெண்டே பின்னேரங்களில வருவா. நானும் வேலையை விட்டுட்டுப் பக்கத்தில இருந்து பார்ப்பன். ஜன்னலுக்கு வெளிய தெரியிற நீலத்தைத் தவிர அதில ஒரு புதினமும் இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் அலுக்கல்ல.

ஸாஜித் லீவில வந்ததும் எல்லாரும் கடைக்கு வந்தாங்க. ஸாஜித், நிஸ்றா, ராத்தா, மச்சான். மச்சான் மூலைக் கதிரையில குந்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளில கப்பலைப் பத்தி ஒரு கேள்வி கேக்கல்ல மனுஷன். ஸாஜித் கணினியைப் பார்த்தார், சந்தோசமாத்தான் பார்த்தார். பல்கனி ஏன் இல்ல எண்டதுக்கு, நடு மாடியில ஆட்டம் தெரியாது எண்டு சமாளிச்சன்.

"கப்பல் நல்லம். ஆனா நாலு பேர் படுக்கிற அறையும் இரிக்கிதானே? அதை எடுங்க. என்ட ரெண்டு புள்ளைகளையும் கூட அனுப்புறன். பெரியவளுக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும். மாமாவும் மாமியும் தனியப் போய் அந்தரிக்கத் தேவையில்ல."

"ஓம் உம்மா, அது நல்லம்தானே" எண்டா நிஸ்றா.

ஸாஜித் நல்ல மனுஷன். கெட்டவனா இருந்தா நான் ரெண்டு ஏச்சு ஏசி அனுப்பி இருப்பன். சத்தியம் பண்ணின வாயைக் கையால பொத்திக்கொண்டு ராத்தாவைப் பார்த்தன். அவ முக்காட்டுத் தலைப்பை விரலில சுத்தினா, அவிட்டா, திரும்பச் சுத்தினா. எல்லாம் முடிஞ்சி போச்சு எண்டு நினைச்சன். ரெண்டு புள்ளைகள் மேல் கட்டிலில, ராத்தா கீழ, பழையபடி.

"புள்ளைகள் வேணாம் மருமகன்" எண்டா ராத்தா.

"ஏன் மாமி? உங்களுக்கு உதவிக்குத்தானே."

"உதவி வேணாம். எனக்கு அவரோட தனிய இரிக்கணும்."

"உம்மா!" எண்டு நிஸ்றா வாயில கையை வெச்சிட்டா. ஸாஜித் காது வரைக்கும் சிவந்து, தலையைத் திருப்பி றோட்டைப் பார்க்கத் தொடங்கிட்டார். மூலையில மச்சான் அசையல்ல. குனிஞ்ச தலை குனிஞ்சபடி. ராத்தா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தா. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டா, இனி அவவிட்ட ஒண்டும் மிச்சமில்ல. அந்த மனுஷன் இப்பயும் வாய் திறக்காட்டி ராத்தா இந்தக் கப்பலில ஏறமாட்டா எண்டு எனக்கு நல்லா விளங்கிச்சு.

கப்பல் அறைக்குக் காசு கட்ட முந்தி ஒரு கேள்வி கேக்கணும். ரெண்டு கட்டிலையும் சேத்துப் போடுறதா, பிரிச்சுப் போடுறதா எண்டு. வழமையா அதை நான் பொம்புளைகளிட்டக் காதுக்குள்ளதான் கேப்பன். அண்டைக்கு வந்த கோவத்தில கடை முழுக்கக் கேக்கிற மாதிரிக் கேட்டன்.

"கட்டில் சேத்தா, பிரிச்சா? மச்சான், உங்களைத்தான் கேக்கன்!"

ஸாஜித் அவசரமாத் திரும்பி, "பிரிச்சே போடுங்க, வயசான ஆக்கள்தானே" எண்டார், பாவம், மாமாட மானத்தைக் காப்பாத்துறதா நினைச்சிக்கொண்டு.

மச்சான் எழும்பினார். சாரத்தைச் சரிபண்ணிக்கொண்டு மெதுவா நடந்து என்ட மேசையடிக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். குனிஞ்சி அந்த அறைப் படத்தை ஒரு மூலையிலிருந்து மத்த மூலை வரைக்கும் பார்த்தார்.

"இந்தக் கதவுக்கு உள்ளால பூட்டு இரிக்கா புள்ள?"

"இரிக்கி மச்சான்."

"அப்ப சேத்தே போடச் சொல்லு" எண்டார்.