வாயசைத்தால் போதும்

பெரிய டீச்சர் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து என் வகுப்புக் குழந்தைகளோடு பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்த காட்சிதான். தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி டவுணில் ரதவீதிக்குப் பின்னால், ஒரு மாடியில் நடந்த சிறிய மழலையர் பள்ளி அது. அவர் தலைமையாசிரியை. நான் பாட்டுப் படித்துவிட்டு அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு உடனே பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், முதலில் நல்ல சங்கீதத்தைக் கேட்கப் பழக்கலாம் என்று நான் சொன்னபோது மற்ற ஆசிரியைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தன் வீட்டு டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "ஏளா, நீ நடத்து. யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்தச் சொல்லை நான் அப்படியே நம்பினேன்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி எங்களுடையது. நாகசுரம், வீணை என்று கேட்டோம். ஒருநாள், வெளிநாட்டிலிருந்த அவருடைய தம்பி அனுப்பிய ஆப்பரா கேசட்டைப் போட்டேன். முழுக்கப் பாட்டாகவே நடக்கும் மேல்நாட்டு நாடகம் அது. ஒரு பெண்குரல் உச்சத்துக்கு ஏறியதும் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜூன் மாதத்திலிருந்து வகுப்பில் வாயே திறக்காத தையல்காரர் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "மிஸ், இந்த அம்மாவுக்கு எங்கயோ வலிக்கு" என்றாள். பாயில் எங்களோடு இருந்த பெரிய டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கேட்டுக் கேட்டே பிள்ளைகள் முனக ஆரம்பித்தார்கள். மோகன ராகத்தில் நான் கோத்த சின்னச் சின்ன வரிகளைத் தாங்களாகவே பிடித்துக்கொண்டார்கள். ஆண்டு விழாவில் பெரியவர் குரல் எதுவும் கலக்காமல் அவர்களே பாடட்டும் என்று சொன்னதும் பெரிய டீச்சர்தான். மூன்று மாதம் பழகினோம். நடுவில் ஒருநாள், "அந்தச் சுரங்களை எழுதிக் குடுளா, பத்திரமா வச்சுக்கிடுதேன்" என்று கேட்டார். பூரிப்போடு எழுதிக் கொடுத்தேன்.

எதற்குக் கேட்டார் என்பது விழா தொடங்க அரைமணி இருக்கும்போது தெரிந்தது. மேடைக்குப் பின்னால் மைக்செட்காரரிடம் அவர் ஒரு கேசட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டையில் பாட்டு கற்கும் பெரிய பிள்ளைகளை வைத்து, என் வரிகளை அவர் முன்பே பதிவு செய்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது.

"இங்க பாருங்க டீச்சர், தாளாளர் முன்னால பிள்ளைங்க சுதி விலகினா யாருக்கு அசிங்கம்? வாயசைச்சாப் போதும்னு சொல்லிருங்க."

அதுவரை 'ஏளா' என்று உரிமையோடு கூப்பிட்டவர், என்னை 'டீச்சர்' என்று அழைத்ததே இல்லை.

மறுத்திருக்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கியிருக்கலாம். நான் போய் அவர்கள் முன் குனிந்து, "பாட வேண்டாம், வாயை மட்டும் அசைங்க" என்றேன். "ஏன் மிஸ்?" என்று ஒருவன் கேட்டான். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டேன். சொன்னது நான் என்பதால் அத்தனை பேரும் அப்படியே செய்தார்கள்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தாளாளர் பெரிய டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தையல்காரர் என்னிடம் வந்தார். கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். "டீச்சர், எத்தனை பிள்ள பாடுனாலும் எம்மவ குரல் எனக்குத் தனியாக் கேட்டுச்சு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஆமா அண்ணாச்சி" என்றேன்.

ஏப்ரலோடு அந்த வேலையை விட்டேன். பெரிய டீச்சர் காரணம் கேட்கவில்லை. அவரை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கசக்கிறது. ஆனால் அந்தக் கசப்பை முழுவதும் அவர்மேல் இறக்கிவைக்க முடியாமல், விழாவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை குறுக்கே வந்து நின்றுவிடுகிறது.

அன்றும் ஆப்பரா கேசட்டைப் போட்டேன். அந்தப் பெண்குரல் ஏறத் தொடங்கியது. தையல்காரர் மகள் எழுந்து என் பக்கத்தில் வந்தாள்.

"மிஸ், இந்த அம்மா நெசமாவே பாடுதாங்களா? இல்ல, வாய மட்டும் அசைக்காங்களா?"

"நெசமாத்தான் பாடுதாங்க" என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போய், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.