சித்திரசாலையில் ஒரு கூறைப்புடவை

திருவனந்தபுரம் மியூசியம் தோட்டத்துச் சித்திரசாலைக்கு எல்லோரும் ரசிக்கப் போவார்கள். நான் 1952 தை மாதம் போனது பயத்தில்.

நமக்கு ஜவுளி வியாபாரம், நாகர்கோவிலில். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை அடுத்துக் குடியிருக்கும் பார்வதியம்மாள், மகள் சொர்ணத்தின் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை கேட்டிருந்தார். சாதாரணப் புடவை அல்ல. சித்திரசாலையில் கூந்தல் உலர்த்தும் பெண் ஒருத்தியின் படம் இருக்கிறதாம், அவள் கட்டியிருக்கும் அதே புடவை. அந்தப் படம் அச்சான காலண்டர் ஒன்று என் கடையில் தொங்கியது. அதைப் பார்த்துப் பச்சை உடல், அரக்குக் கரை என்று நெய்ய வைத்தேன். புடவை வந்த பிறகு ஒரு நண்பர், “அசல்ல கரை வேற நிறம்லா?” என்றார். கல்யாணம் அந்த வாரமே. மறுபடி நெய்ய வழியில்லை.

பந்தலில் பேச்சு வாங்குவதைவிடப் படத்தின் முன்னாலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்று, தாயையும் மகளையும் அங்கே வரச்சொல்லி ஆளனுப்பினேன்.

காலை ஆறு மணி பஸ். நாற்பது மைல் சொச்சத்துக்கு இரண்டரை மணி நேரம். தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கிக் குதிரைவண்டி, மியூசியம் இரண்டு மைல், எட்டணா.

“மூட்டையோட மிருகசாலைக்கா அண்ணாச்சி? கொரங்கு பறிச்சிரும், கேட்டோ!” என்றார் வண்டிக்காரர். மிருகக்காட்சிசாலையும் அதே தோட்டத்தில்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே சீனத்துப் பட்டுத் துணியில் எழுதிய படங்கள், உள்ளங்கை அகல மொகலாயச் சித்திரங்கள், பனிமலைகள், பொன் ஒட்டிய தஞ்சாவூர்க் கிருஷ்ணன். எதிலும் எனக்குக் கரைதான் தெரிந்தது. பெரிய எண்ணெய்ப் படங்கள் உள்ள அறையில் தாயும் மகளும் நின்றிருந்தார்கள். கூந்தல் உலர்த்துகிறவளின் படத்தைப் பார்த்தேன். கரை அரக்கு இல்லை. புடவையை விரித்துப் பிடித்தேன்.

“தொடண்டா! பாத்தா மதி,” என்று, தொடாமல் பார்த்தால் போதுமென மலையாளத்தில் அதட்டிக்கொண்டு காவலாளி ஓடிவந்தார்.

“என்ன அண்ணாச்சி இது? நான் கேட்டது என்ன, நீங்க கொண்டாந்தது என்ன?” என்றார் பார்வதியம்மாள். சொர்ணத்தின் முகம் வாடிவிட்டது.

“கிட்ட வந்து பாத்துட்டுச் சொல்லுங்கக்கா,” என்றேன். விலகி வழிவிட்டேன்.

அவர் படத்தை நெருங்கினார். ஜன்னல் வெயில் கரைமேல் விழுந்திருந்தது. சட்டென்று பின்வாங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஐயோ, கருப்பு! சுத்தக் கருப்பு! இத்தன வருசமா நான் கருநீலம்னுல்லா நெனச்சேன். தாலி கட்டுற நேரத்துல கருப்பு ஆகுமா?”

“அதான் அரக்கு போட்டேன்,” என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் வெயிலுக்கு எதிரில் பொய் நிற்காது. “காலண்டர்க்காரன் மாத்திட்டான். கருப்புன்னு எனக்கும் இப்பத்தான் தெரியும்,” என்றேன்.

சொர்ணம் புடவையை வாங்கித் தோளில் போட்டுப் பார்த்தாள். “எம்மா, எனக்கு மொதல்லயே இதுதான் பிடிச்சுது. நீ ஏசுவேன்னு பேசாம நின்னேன்,” என்றாள். பார்வதியம்மாள் சிரித்துவிட்டார். புடவையை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

சித்திரசாலைக்குப் போகிறவர்கள், அது மூடியிருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு காலையில் போங்கள். வெளிச்சம் நன்றாக விழும். அச்சுப் படத்தை நம்பி எந்த நிறத்தையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு முழு முற்பகலை ஒதுக்குங்கள். அவர்கள் போனபின் நான் முதலிலிருந்து இன்னொரு சுற்று வந்தேன். கூந்தல் உலர்த்தும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.