வைரவனின் இடது கன்னம்

வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக வழிந்தது. வைரவன் இன்னொரு முறை தண்ணீரை வாயில் அடக்கிப் பார்த்தார். நிற்கவில்லை. கண்ணாடியில் முகத்தின் வலது பாதி அவருடையதாக இருந்தது. இடது பாதி தொங்கிப்போயிருந்தது. கண்களை மூடினார். இடது கண் மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவியைக் கூப்பிட்டார். "என்னங்க, வாயில எதை வச்சுக்கிட்டுப் பேசுறீக?" என்று கேட்டபடி வந்த நாகஜோதி, அவர் முகத்தைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

மஸ்கட்டின் ரூவி பகுதியில் அவர்கள் வீட்டிலிருந்து கிளினிக் பக்கம்தான். காரை ஓட்டத் துணியாமல் டாக்ஸி பிடித்தார்கள். அதில் நாகஜோதி பக்கவாதம் என்றே முடிவு கட்டி அழுதுகொண்டு வந்தாள். வைரவன் உதட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அந்த உதட்டில்தான் அவர்கள் மூன்று பேரின் விசாவும் இருந்தது.

வைரவன் டிரம்பெட் வாசிக்கிறவர். காரைக்குடிப் பக்கம் கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் பேண்டு செட் ஒன்றில் ஊதப் பழகியவர். ஓமானின் சோஹார் துறைமுகத்தில் சாரம் கட்டும் வேலைக்கு வந்தபோது பெட்டியில் துணிகளுக்கு நடுவே டிரம்பெட்டையும் வைத்துக் கொண்டுவந்தார். தொழிலாளர் கேம்பில் ஊதினால் டியூட்டி முடிந்து படுத்தவர்கள் அடிக்க வருவார்கள். அதனால் வெள்ளிக்கிழமைகளில் கடற்கரைக்குப் போய் ஊதுவார். அங்கே அதைக் கேட்ட ஒரு கோவாக்காரர் மஸ்கட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். அவர்தான் பேசி, விசா கொடுத்த பழைய முதலாளியான கஃபீலிடம் ரிலீஸ் வாங்கி, வைரவனை ஹோட்டல் பேண்டில் சேர்த்துவிட்டார்.

சாக்ஸபோன், டிராம்போன், டிரம்பெட் என்று வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து வாசிக்கும் பிக் பேண்ட் அது. வைரவனுக்கு நோட்டைப் பார்த்து வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ்காரரின் விரல்களைப் பார்த்து வாசித்தார். பிறகு நோட்டும் கற்றுக்கொண்டார். கடைசி வரிசையிலிருந்து மெல்ல முன்னால் வந்தார். பழைய லீடர் ஊரோடு போனபோது மற்றவர்களே இவர் பெயரைச் சொன்னார்கள். லீடரான பிறகுதான் நாகஜோதியையும் மகள் அனன்யாவையும் அழைத்துக்கொண்டார்.

கிளினிக்கில் இருந்த டாக்டர் பாஹிமா இலங்கைக்காரர். "நெத்தியைச் சுருக்குங்கோ" என்றார். இடது பக்க நெற்றி அசையவில்லை. "பயப்பட வேணாம். மூளையில பிரச்சினையெண்டா நெத்தி அசையும். இது முகத்து நரம்பு வீங்கினது. மருந்து தாறன். அநேகம் பேருக்குச் சுகமாகிடும்."

"டிரம்பெட் ஊதலாமா டாக்டர்?"

"அது எனக்குச் சொல்ல ஏலாது. நரம்பு திரும்பி வரவேணும். எவ்வளவு வரும் எண்டு இப்ப தெரியாது."

வைரவன் ஹோட்டலில் சொல்லவில்லை. இருமல் என்று சொல்லி மாஸ்க் போட்டுக்கொண்டு போனார். ஊதாமல், கையை மட்டும் அசைத்துப் பேண்டை நடத்தினார். அவருக்குரிய பகுதிகளை இரண்டாவது டிரம்பெட் முரளிதரன் வாசித்தான். அவன் நன்றாக வாசிக்க வாசிக்க வைரவன் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். இவனுக்கே என் இடத்தைக் கொடுத்துவிட்டால்? ஊருக்குப் போனால் பிளஸ் டூ படிக்கிற பெண்ணை நடுவில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? மத்தியானங்களில் காரை ஆளில்லாத இடத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு டிரம்பெட்டை வாயில் வைப்பார். காற்று உதட்டோரமாகப் புஸ்ஸென்று போகும். போன் அடித்தால் ஹோட்டலாக இருக்குமோ என்று பயந்து பயந்து எடுப்பார்.

ஒரு நாள் அடித்தது. ஹோட்டலில் கலை நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் ஷியாமளா பேசினாள். சென்னைக்காரி, கறாரானவள். "வைரவன், அடுத்த வாரம் ஓனர் ஃபேமிலி வர்றாங்க. பேண்டை வச்சுக்கலாமா, டிஜே போதுமான்னு அன்னைக்குத்தான் முடிவு பண்ணப்போறாங்க. உங்க சோலோ கண்டிப்பா இருக்கணும்."

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டார்.

அன்றே முரளிதரனைத் தனியாகக் கூப்பிட்டு மாஸ்க்கைக் கழற்றிக் காட்டினார்.

"நான் முன்னாடி நின்னு வாயில வச்சுக்கிறேன். நீ திரைக்குப் பின்னாடி நின்னு வாசிச்சிரு தம்பி."

"அண்ணே, மாட்டுனா ரெண்டு பேருக்கும் விசா கேன்சல்தான்."

"உண்மையைச் சொன்னாலும் எனக்குக் கேன்சல்தான்."

முரளிதரன் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் அவனே போன் செய்து, "சரிண்ணே, எங்க மூச்சு எடுக்கணும்னு சொல்லுங்க" என்றான்.

நிகழ்ச்சியன்று வைரவன் வலது பக்கம் சபைக்குத் தெரியும்படி திரும்பி நின்றார். முன் மேசையில் உரிமையாளரின் அக்கா ஆமிரா உட்கார்ந்திருந்தார். குடும்பத்தில் அவர் சொல்வதுதான் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பின்னாலிருந்து முரளிதரனின் டிரம்பெட் எழுந்தது. வைரவன் அதற்கேற்ப வால்வுகளை அழுத்தினார். விளக்கு வெளிச்சத்தில் மூடாத கண் எரிந்து நீர் கொட்டத் தொடங்கியது. இரண்டு கையும் டிரம்பெட்டில் இருந்ததால் துடைக்க முடியவில்லை. நடுவில் ஓரிடத்தில் முரளிதரன் முன்கூட்டியே மூச்சு எடுத்துவிட்டான். வைரவனின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, சத்தம் இல்லை. டிரம்ஸ்காரர் என்ன நினைத்தாரோ, ஓங்கி ஓர் அடி அடித்தார். சத்தம் திரும்பி வந்தது.

முடிந்ததும் ஆமிரா எழுந்து வந்தார். அவருக்கு இந்தி நன்றாக வரும். "அழுதுகொண்டே வாசித்தீர்களே, எங்களையும் அழ வைத்துவிட்டீர்கள்" என்றார். வைரவன் தலையைக் குனிந்துகொண்டார்.

உடை மாற்றும் அறைக்கு ஷியாமளா வந்து கதவைச் சாத்தினாள். "முரளிதரனை வரச் சொல்லுங்க."

இருவரும் அவள் முன்னால் நின்றார்கள்.

"மேடை ஓரத்துல நின்னு பார்த்தேன், உங்க இடது கன்னம் அசையவே இல்லை. முரளிதரன் சீட்டும் காலி. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா லீடர் கை காட்டினா போதும்னு நானே பேசியிருப்பேன். இப்ப அந்தம்மா உங்க கண்ணீரைப் பத்தியே பேசிட்டு இருக்காங்க. நான் போய் என்னன்னு சொல்றது?" அவளுக்கும் அது வேலைதானே.

பேண்ட் தொடரலாம் என்று உத்தரவு வந்தது. யாருக்கும் சந்தோஷப்படத் தோன்றவில்லை. கொஞ்ச நாளில், அவர்கள் பயந்ததைவிட மோசமான ஒன்று வந்தது. தன் வீட்டு விசேஷத்துக்கு வைரவன் மட்டும் வந்து அதே பாட்டை வாசிக்க வேண்டும் என்று ஆமிரா சொல்லியனுப்பினார். பெரிய மேடை கிடையாது, வீட்டுக் கூடம்.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாமா?" என்று ஷியாமளா கேட்டாள்.

வைரவன் வீட்டுக்குப் போய் நாகஜோதியிடம் சொன்னார். அவள், "போய் உண்மையைச் சொல்லிருங்க. ஒவ்வொரு போனுக்கும் நீங்க செத்துச் செத்துப் பொழைக்கிறதை என்னால பார்க்க முடியல" என்றாள்.

ஆமிராவின் அலுவலகத்தில் வைரவன் மாஸ்க்கைக் கழற்றினார். குழறும் வாயோடு தனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மனசுக்குள் வீட்டைக் காலி செய்து, பெட்டி கட்டி, விமான நிலையம் வரை போய்விட்டார்.

"அப்படியானால் அந்தக் கண்ணீர்?"

"கண் மூடவில்லை மேடம். அதனால் வந்தது."

ஆமிராவின் முகம் இறுகியது. ஏமாந்துபோனதில் அவருக்குக் கோபம்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வாசித்தவன் வரட்டும். நீங்களும் வாருங்கள், உங்கள் வேலை எதுவோ அதைச் செய்யுங்கள்" என்றார்.

அந்த விசேஷத்தில் முரளிதரன் வாசித்தான். வைரவன் கை காட்டினார். ஆமிரா அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் வேலையை விட்டு அனுப்பவும் இல்லை.

குளிர்காலம் வந்தபோது உதட்டோரம் லேசாகத் துடித்தது. பிறகு கண் மூடியது. ஒரு மத்தியானம் காருக்குள் ஒரு சுரம் வந்தது, கரகரவென்று. அதைக் கேட்டு அவருக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. இன்னொரு முறை ஊதினால் வராமல் போய்விடுமோ என்று டிரம்பெட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். உச்ச சுரங்கள் இன்றுவரை திரும்பவில்லை. இப்போது முரளிதரன்தான் முதல் டிரம்பெட். வைரவன் பேண்டை நடத்துகிறார்; ஆள் குறைந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து கீழ்ச் சுரங்களை வாசிக்கிறார்.

இந்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, கையெழுத்துக்கு முன்னால் அவரே ஷியாமளாவிடம் சொன்னார். "மேடம், மேல சுரம் இன்னும் வரல. வரும்னு சொல்ல முடியாது."

"தெரியும். ரிஹர்சலுக்கு எல்லாரும் காத்துட்டு இருக்காங்க. போங்க" என்றாள் ஷியாமளா.