ஒட்டுப்போட்ட கல்யாணி

கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்கு முன்னால் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள் அவள். மெஷின் ஓட ஆரம்பித்தால் ஒரே சுருதியில் ரீங்காரமிடும். அதோடு சேர்ந்து அவளும் பாடுவாள். முதலாளி ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தார். கண்ணாடி வாங்கக் காத்திருப்பவர்கள் முணுமுணுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதைப் பார்த்த பிறகு, பின்னறைக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டார்.

வீட்டில் எல்லோருக்கும் அவள் பாட்டுக்காரி. அந்தப் பெயர் வந்தது ஒரு விடுமுறையில்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அச்சகத்தில் பைண்டராக இருந்த அப்பா அபூர்வமாக எட்டு நாள் லீவு போட்டு, அம்மா, அண்ணன், அக்கா, அவள் என்று எல்லோரையும் ஒரு மலையூருக்குக் கூட்டிப்போனார். வாடகைக்கு எடுத்த வீட்டில் இரண்டு அறை. போய் இறங்கிய மறுநாள் பிடித்த மழை ஆறு நாள் விடவில்லை. ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் புழுக்கம். துணி காயாமல் வீடு முழுக்க ஈர வாடை. அக்கா மூன்றாம் நாளே ஊருக்குப் போகலாமென்று அழுதாள்.

அந்த வீட்டிலிருந்த ஒரே ஆறுதல் ஒரு டேப் ரெக்கார்டர். அதற்கும் ஒரே ஒரு கேசட். யாரோ ஒரு பாடகர் கல்யாணி ராகத்தை இருபத்தாறு நிமிஷம் விஸ்தாரமாகப் பாடியிருந்தார். அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுவான். பாட்டுக்காரி மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தால் திருப்பிச் சுற்றி மறுபடி போடுவாள். வார்த்தையே இல்லாமல் ஒரு மனுஷனால் இவ்வளவு நேரம் பேச முடிகிறதே என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் அதில் பாதியைத் தானே பாடினாள். அப்பா வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டு வந்தார்.

பிறகு வகுப்புக்குப் போனாள். தாளம், சுரம், பாட்டுகள் எல்லாம் ஒழுங்காகப் படித்தாள். ஆனாலும் கல்யாணி என்று வாயைத் திறந்தால் அந்த மழை நாள் கல்யாணிதான் வரும். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கடை எல்லாவற்றுக்கும் நடுவிலும் அதிகாலைச் சாதகத்தை விட்டதில்லை. வானொலியில் ஒரு நாள் பாடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கணவர் கேலி செய்யவில்லை. விண்ணப்பத்தை வாங்கி வந்து கொடுத்தார்.

நாற்பத்தோராம் வயதில் குரல் தேர்வுக்குப் போனாள். ஒலிப்பதிவு அறையில் அவளும் அவளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க வந்த வயலின்காரரும். தேர்வு செய்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் அடுத்த அறையில் இருந்தார்கள். பாதி ஆலாபனையில் ஒலிபெருக்கியிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, அந்த எடத்துல ரெண்டு சுரத்தை முழுங்கிட்டீங்க."

"முழுங்கல சார். அது அப்படித்தான்."

"யார் சொன்னது?"

"நான் கேட்டது அப்படித்தான் சார்."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். மூன்றாவது வாரம், தேர்வாகவில்லை என்று கடிதம் வந்தது.

கடிதத்தைக் காட்டியபோது வயலின்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நானே கேக்கணும்னு நெனச்சேன்மா. காந்தாரத்துல நிக்கிறீங்க, அடுத்த நிமிஷம் தைவதத்துல இருக்கீங்க. நடுவுல வாசிக்க எனக்கு வழியே இல்ல. படி உடைஞ்ச மாடி மாதிரி இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் போன் போட்டாள். "அந்த மலை வீட்டுக் கேசட் ஞாபகம் இருக்கா? அதுல எங்கயாவது குதிச்சுதா?"

மறுமுனையில் அண்ணன் போனோடு வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அண்ணே?"

"நீ திட்டக் கூடாது. போய் எறங்குன அன்னிக்கு நீங்கள்லாம் தூங்கிட்டிருந்தீங்க. நான் சும்மா இல்லாம அதப் போட்டேன். டேப் உள்ள சிக்கி அறுந்துபோச்சு. கசங்குன துண்டை வெட்டித் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்த ஒட்டிட்டேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருப்பாரு."

"முப்பத்திரண்டு வருஷமாச்சு! ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீ அதையும் சேத்துப் பாடுவன்னு எனக்கென்ன தெரியும்?"

கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் அண்ணன் கட்டிலுக்கடியில் பல்லைக் கடித்துக்கொண்டு டேப்பை ஒட்டுகிற காட்சி கண்ணில் வந்ததும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, என்னமோ ஏதோ என்று கணவர் ஓடி வந்தார்.

மறுநாளிலிருந்து வேலையை ஆரம்பித்தாள். விடுபட்ட சுரங்களைச் சேர்த்து, படிப்படியாக ஏறிப் பழகினாள். அது நன்றாகவே இருந்தது. ஆனாலும் அந்தத் தாவலை விட மனம் ஒப்பவில்லை. வயலின்காரரிடம் நேராகவே கேட்டாள்.

"ராகத்துக்கு அது ஆகாதா?"

அவர் வில்லை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆகும். ஆனா நீங்க குதிக்கல, விழறீங்க. கால ஊன்றித் தாண்டினா யாரும் குத்தம் சொல்ல முடியாது" என்றார்.

பத்து மாதம் அந்த ஒரு இடத்துக்காக உழைத்தாள். காந்தாரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, மூச்சை எங்கே பிடிப்பது, தைவதத்தில் எப்படி அசையாமல் இறங்குவது என்று பழகிப் பழகி அவளுக்கே பிடிபட்டது.

மறு வருஷத் தேர்வில் முதலில் இரண்டு தடவை படியேறிப் போனாள். மூன்றாம் தடவை காந்தாரத்தில் நின்று, நிதானமாக ஒரே தாவு. வயலின் அவள் பின்னாலேயே தாவியது. ஒலிபெருக்கி கரகரத்தது. அதே குரல்.

"அந்த எடத்த இன்னொரு தடவ பாடுங்க."

பாடினாள்.

"போன வருஷம் வந்தது நீங்கதானே? அப்ப முழுங்குனீங்க. இப்ப தாண்டுறீங்க. மேல பாடுங்கம்மா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

முன்கூட்டியே பதிவு செய்த பாட்டின் முதல் ஒலிபரப்பு ஒரு வியாழக்கிழமை காலை, பதினைந்து நிமிஷம். கடையில் முதலாளி ரேடியோவைக் கவுண்டர் மேல் வைத்து, வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துவிட்டார். முடிந்த கையோடு அக்கா போன் செய்தாள். மலை வீட்டில் மூன்றாம் நாளே அழுத அதே அக்கா.

"ரொம்ப சீக்கிரம் முடிஞ்சுபோச்சேடி. அடுத்தது எப்போ?"

"அடுத்த மாசம். இந்தத் தடவ அரை மணி நேரம்."

"குடுத்துட்டாங்களா?"

"கேட்டிருக்கேன். குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு, பதினோரு மணிக்குத் தரவேண்டிய லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் பாட்டுக்காரி.